பழைய .303 இராணுவத் துவக்கின் மரத்தை வீட்டிலேயே தேய்த்து, வார்னிஷ் அடித்துப் புதுசு போல ஆக்கலாமா?

தேய்க்கவும் வேண்டாம், வார்னிஷ் அடிக்கவும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அப்பப்பா வழியில் வந்த .303, மரம் கறுத்துப்போய்க் கிடக்கிறது, வீட்டு கராஜிலேயே செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் கனடா, அவுஸ்திரேலியா பக்கம் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே உரிய லைசென்ஸ் இருந்தால் இது ஒரு நல்ல கைவேலை. இலங்கையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்றால் கதை வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கையில் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.

நான் திருகோணமலையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்து டொக்யார்ட்டில் தச்சராக இருந்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை போனபோது அவர் அங்கிருந்து கொண்டுவந்தது தொழிலும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்ப் பழக்கமும்தான். ஆகவே மரத்தைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். குழல், பூட்டு, சுடுகிற சங்கதி எல்லாம் அதற்கென்று படித்தவர்கள் வேலை. உங்கள் துவக்கு சுடக்கூடிய நிலையில் இருந்தால் அதை அப்படிப்பட்ட ஒருவரிடம் காட்டி, உள்ளே குண்டு இல்லை என்று அவர் கையால் உறுதிசெய்த பிறகு மரத்துக்கு வாருங்கள்.

"உங்கள் ஊரில் நடந்ததெல்லாம் போதாதா, இன்னும் துவக்கைப் பற்றி எழுத வேண்டுமா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். துவக்கு என்றாலே வயிறு கலங்குகிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். கோணேசர் கோயிலுக்கு நாங்கள் இன்றும் போவது இராணுவம் இருக்கிற கோட்டைக்குள்ளால்தான். ஆயுதத்தின் மேல் யாருக்கும் ஆசையைக் கிளப்ப நான் வரவில்லை. எண்பது வருஷம் பலர் கைபட்ட மரம் ஒரு மத்தியானத்தில் பாழாகக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் தகப்பனாரின் நினைவுப்பொருள் என்று ஒரு லீ-என்ஃபீல்டை, அதாவது இதே .303 இராணுவத் துவக்கை, கொண்டுவந்தார். குழலை அடைத்து, பூட்டை ஒட்டவைத்து, இனி ஒருபோதும் சுடமுடியாதபடி செய்து சுவரில் மாட்டியிருந்தது. கடதாசிகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. அதையெல்லாம் படித்து, பிரதி எடுத்து வைத்த பிறகுதான் துவக்கைப் பட்டறைக்குள் எடுத்தேன்.

கடதாசி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தம்பலகாமத்தில் என் பெரியமாமாவுக்கு வயலும், பன்றி கலைக்க ஒரு லைசென்ஸ் துவக்கும் இருந்தன. பிரச்சினை தொடங்கின காலத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். ரசீதும் கொடுத்தார்கள். அந்த ரசீதோடு அவர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். துவக்கு வரவில்லை, நட்டஈடும் வரவில்லை, "கிடைக்காது" என்று எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. சட்டத்தை மதித்து நடந்த ஒரு கமக்காரனுக்கு அதையாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். மாமா போய்விட்டார், ரசீது மாமியின் அலுமாரியில் இருக்கிறது, பன்றியும் யானையும் இன்றும் வயலுக்குள் வருகின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆசிரியரின் துவக்கில், பிடங்கு (தோளில் வைக்கிற பின்மரம்) இணைகிற இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில் கிரீடமும் ஜி.ஆர்.ஐ. என்ற ஜோர்ஜ் மன்னரின் எழுத்துகளும், கீழே இஷாபூர், 1942 என்றும் இருந்தன. வங்காளத்து இஷாபூர் தொழிற்சாலையில் செய்தது. 1942 என்றால் திருகோணமலைக்காரருக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அன்றுதான். அப்பம்மா அந்தக் காலையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறூட்டினார்.

மரத்தைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை. யாரோ ஜன்னலுக்கு அடிக்கிற கபில வார்னிஷைத் தடிப்பாகப் பூசியிருந்தார்கள். கடற்காற்றில் அது வெடித்து, செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. குழலுக்குக் கீழே ஓடுகிற நீள மரத்தின், அதாவது முன்மரத்தின், பின்முனை இரண்டு பக்கமும் பிளந்திருந்தது. எப்படிப் பிளந்தது என்று கண்டவுடனே விளங்கியது. உங்களுக்கும் இதுதான் முதல் ஆபத்து, கவனமாக வாசியுங்கள்.

இந்த மாதிரியில் பிடங்கைப் பிடித்திருப்பது உள்ளே ஓடுகிற ஒரு நீள போல்ட். பின்னால் உள்ள பித்தளைத் தகட்டைக் கழற்றி, நீளமான ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகினால் அது கழன்றுவிடும். ஆனால் அந்த போல்ட்டின் முன்நுனி சதுரமாகச் சீவப்பட்டு, முன்மரத்தின் பின்முனையில் இருக்கிற தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். போல்ட் தானாகத் தளரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. முன்மரம் இருக்கும்போதே போல்ட்டைத் திருகினால் அந்தச் சதுர நுனி சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். ஆகவே எப்போதும் முன்மரம் முதலில், பிடங்கு கடைசியில். பூட்டும்போது பிடங்கு முதலில்.

துவக்கைக் கொண்டுவந்த ஆசிரியருக்கு, எங்கள் மாஸ்டருக்கு, வேண்டியிருந்ததோ வேறு. "தம்பி, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேணும்" என்றார். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கப்பலைச் சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். எச்.எம்.எஸ். திருகோணமலை, 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதைத் திருத்தியபோது நல்ல நிலையில் இருந்த பழைய தேக்கை அப்படியே விட்டு, இற்றுப்போனதை மாற்றினார்கள். "அந்த மரியாதையை ஐயாவின் தகப்பனார் பிடித்த மரத்துக்கும் கொடுப்போம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் விருப்பப்படி செய்" என்றார்.

வார்னிஷைப் பெயின்ட் ரிமூவர் பூசி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். கோஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள், மரம் கறுத்து நார் கிளம்பிவிடும். பிறகு வெண்கட்டித் தூளை டர்பன்டைனில் குழைத்து அப்பி வெயிலில் வைத்தேன். பல வருஷத்து அழுக்கெண்ணெய் வெள்ளைப் பூச்சுக்குள் ஏறி அது மஞ்சளாகும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். இதற்கு எங்கள் கச்சான் காற்றுக் காலத்து வெயில் போல ஒன்று கிடையாது. மாரியில் செய்தால் ஈரம்தான் ஏறும்.

அப்படி உதிர்க்கும்போதுதான் பிடங்கின் பக்கவாட்டில் எழுத்துகள் தெரிந்தன. ஒரு சிறிய முத்திரையும், கீழே அடுக்கு எண் போல இரண்டு இலக்கங்களும். ஒன்றின் விளிம்பு சரிந்திருந்தது, அடித்தவன் அச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடித்திருக்கிறான். நகத்தால் தடவினால் பள்ளம் தெரிகிற ஆழம், அவ்வளவுதான். 80 நம்பர் சாண்ட் பேப்பரைப் பிடித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் போயிருக்கும். மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த இலக்கத்தைத் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். பெருவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டே நின்றார்.

தேய்ப்பதில் இன்னொரு கேடும் உண்டு. மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் மரம் ஒரு மயிரளவு உயர்ந்திருக்கும்படிதான் செய்திருப்பார்கள். தேய்த்தால் மரம் இரும்பைவிடத் தாழ்ந்துவிடும். அப்புறம் அதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பள்ளங்களுக்கு ஈரத்துணியும் சூடான அயனும் போதும். ஆவி ஏறினால் நசுங்கிய நார் எழும்பும். எழும்பாததை விட்டுவிடுங்கள். முத்திரை உள்ள இடத்தில் ஆவியே காட்டாதீர்கள், எழுத்தும் சேர்ந்து எழும்பிவிடும்.

பிளவுக்கு அரல்டைட் பசை விட்டு, உள்பக்கம் மெல்லிய மரமுளை வைத்தேன். முளைக்கு எடுத்தது சாவண்டலை. வெளிநாட்டு மர வியாபாரத்தில் இதற்குப் பெயரே திருகோணமலை மரம், மதராஸ் மசூலாப் படகுகளுக்குக்கூட இங்கிருந்து போன மரம். வளைந்து கொடுக்கும், லேசில் முறியாது. வெளியே தெரியாத இடத்தில் எங்கள் மரம் அந்தத் துவக்கைத் தாங்கிக்கொண்டிருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சுடுகிற துவக்குக்கு இதை அப்படியே செய்யாதீர்கள். அந்த இடத்தில் உதைப்பு இறங்கும், அதற்குத் தனி நுணுக்கம் இருக்கிறது.

கடைசியில் லின்சீட். இராணுவத்தில் பூசியது காய்ச்சாத பச்சை எண்ணெய். காய்ச்சியது சீக்கிரம் காயும், ஆகவே அதுதான் நல்லது என்று சிலர் வாதாடுவார்கள். அவரவர் விருப்பம், நான் பழைய முறையில் பச்சையாகவே பூசினேன். மெல்லியதாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். மினுமினுப்பு மெதுவாகத்தான் வரும், அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சியே தேவையில்லை. என் பட்டறையில் எண்ணெய்த் துணியை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட்டுத்தான் பையன்கள் வீட்டுக்குப் போவார்கள். உங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

பழம்பொருளில் கையே வைக்கக் கூடாது என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருக்கிற துவக்கு என்றால் அவர்கள் சொல்வதுதான் சரி, உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட்டு வைத்துவிடுங்கள். மேலே யாரோ பின்னால் பூசிய வார்னிஷ் இருந்தால் மட்டும் நான் சொன்னது.

இரும்புப் பகுதிக்குக் கிரைண்டரும் குரோமும் வேண்டாம், மெல்லிய எண்ணெய்த் துணி போதும்.

உங்களுடையது எந்தத் தொழிற்சாலை என்று சொல்லவில்லை. இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தையும் பிடங்கின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். இலக்கங்களை மறைத்துவிட்டுப் போட்டாலும் சரி. மேலே இருப்பது வார்னிஷா, காய்ந்து கறுத்த எண்ணெய்தானா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சாண்ட் பேப்பரை வாங்காதீர்கள்.