பதினொரு வயதுப் பையனிடம் கணக்குக் கேட்காதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. பதினொரு வயதில், எங்கள் வீட்டிற்கு வந்து தங்கும் நெருங்கிய உறவினர் ஒருவரால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானேன். இரண்டு ஆண்டுகள் அது தொடர்ந்தது. இன்று அவர் சபை மூப்பர், ஞாயிறு பள்ளி ஆசிரியரும்கூட. மனைவியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஊழியர் ஒருவரிடம் சொன்னபோது, “மன்னித்துவிடுங்கள், வெளியே சொன்னால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும்” என்றார். மன்னித்ததாகப் பலமுறை ஜெபித்தும், ‘பிதாவே’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று ஏன் ஓடவில்லை, ஏன் கத்தவில்லை என்ற கேள்வி என்னைத் தின்கிறது. என் விசுவாசம் குறைவுள்ளதா?
– பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் விசுவாசத்தில் குறையில்லை, உங்களுக்குக் கிடைத்த ஆலோசனையில்தான் குறை. பேராபத்தில் சிக்கிய உடல் சில வேளைகளில் ஓடாமலும் கத்தாமலும் மரத்துப்போய் நின்றுவிடும்; அது நம் மனதைக் கேட்டுக்கொண்டு நடப்பதன்று. அந்த நேரத்தில் உடலில் வேறு உணர்ச்சி எழுந்திருந்தாலும் அதுவும் தானாக எழுந்ததே. அதைச் சம்மதம் என்று தவறாக எண்ணி, நரை விழும் வயதுவரை தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்ளும் ஆண்கள் உண்டு. பதினொரு வயதுப் பையனிடம் போய், நாற்பத்து மூன்று வயது மனிதரின் பலமும் விவேகமும் உனக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று கணக்குக் கேட்காதீர்கள்.

ஆண் பிள்ளைக்கு இப்படி நேராது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் 52.94 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள்.

அந்த ஊழியர் உங்களுக்குச் சொன்ன சொல் வேதாகமத்திலும் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவர் இயேசு அல்லர். 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில், தாவீது ராஜாவின் மகன் அம்னோனால் கெடுக்கப்பட்ட அவனுடைய சகோதரி தாமாரிடம், அவன் உன் சகோதரன், நீ மவுனமாயிரு என்று சொன்னவன் அவளுடைய உடன்பிறந்தவனான அப்சலோம். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபங்கொண்டார். ஆனால் அம்னோனை அவர் தண்டித்ததாக எழுதப்படவில்லை. அப்படி மூடிவைக்கப்பட்ட காரியம் இரண்டு வருஷம் கழித்து, அப்சலோம் அம்னோனைக் கொல்லச் செய்ததில் போய் நின்றது. இயேசுவோ, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுடைய கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டி அவனைக் கடலின் ஆழத்தில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்றார். கர்த்தருடைய நாமத்திற்குத் தூஷணம் கொண்டுவந்தது துன்புறுத்தியவருடைய செய்கை. துன்பப்பட்டவர் வாய் திறப்பதால் அது வருவதில்லை.

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நானும் ஓர் இளைஞரிடம், “மன்னித்துவிடு தம்பி” என்று அவசரப்பட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதன்பின் அவர் என்னிடம் வரவேயில்லை. அந்த வருத்தத்தோடேயே இதை எழுதுகிறேன்.

சொந்தச் சகோதரரால் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பைப் பாருங்கள். பல ஆண்டுகள் கழித்து அவன் அவர்களைக் கண்டவுடன் கட்டித் தழுவவில்லை. அப்புறம் போய் அழுதான், அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்தான், தன்னை வெளிப்படுத்தியபோதும் “நீங்கள் விற்றுப்போட்ட” யோசேப்பு நான்தான் என்று நடந்ததை நடந்தபடியே சொன்னான். மன்னிப்பு அதற்குரிய காலத்தில் வரட்டும். வந்த பிறகும், அந்த உறவினரை வீட்டுக்குள் சேர்க்க வேண்டும் என்றோ, அவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்றோ அதற்குப் பொருளில்லை.

அவர் இன்றும் சிறுவர்களுக்கு வகுப்பெடுக்கிறார் என்பதுதான் என்னை உறங்கவிடாத செய்தி. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் சமமாகக் காக்கிறது. ஒரு பிள்ளைக்கு இத்தகைய குற்றம் நேரக்கூடும் என்று அஞ்சுகிறவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு நேர்ந்ததற்கு அச்சட்டம் பின்னோக்கிச் செல்லாது. ஆயினும் அக்காலத்தில் நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு (இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள் பற்றியது) பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் வழக்கைக் குறித்த முடிவு உங்களுடையது. ஆனால் அந்த வகுப்பறைப் பிள்ளைகளின் பாதுகாப்பைத் தள்ளிப்போட இயலாது. நம்பத்தக்க ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்று தெரிவியுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

‘பிதாவே’ என்று வராவிட்டால் வற்புறுத்தி வரவழைக்க வேண்டாம். கன்மலையே, அடைக்கலமே, மேய்ப்பரே என்றும் சங்கீதக்காரர் கூப்பிட்டார்கள். 88ஆம் சங்கீதம் விடிவு காணாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் சபை ஜெபமாகவே வைத்திருக்கிறது. ஜெபத்தோடு மனநல மருத்துவரையும் நாடுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மருத்துவமனை நடத்திவருகிறது. அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

கேள்வி: சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை என் கணவர் சென்ற மாதம் என்னிடம் சொன்னார். அதன்பின் மகனைத் தூக்கக்கூடத் தயங்குகிறார். நான் என்ன செய்வது?
– ஒரு சகோதரி

பதில்: தமக்கு நேர்ந்ததைத் தாமும் செய்துவிடுவோமோ என்று அவர் அஞ்சுகிறார் போலும். துன்புறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருபோதும் பிறரைத் துன்புறுத்துவதில்லை. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விவரங்களைத் துருவிக் கேட்காதீர்கள், உங்கள் அம்மாவிடம்கூட அவர் அனுமதியின்றிச் சொல்லாதீர்கள். அவர் பேசும் இரவில் கேளுங்கள், பேசாத இரவில் பக்கத்தில் இருங்கள். மருத்துவரிடம் போக அவர் இசைந்தால், நீங்களும் உடன் சென்று வெளியே காத்திருங்கள்.