617ஆம் ஸ்குவாட்ரன்: அணைகளைத் தகர்த்த விமானிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்க, பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) வீசிய குண்டு தண்ணீரின்மேல் தத்திச் சென்றது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்வாக வீசினால் அது தத்தித் தத்திப் போகும் அல்லவா, அடிப்படை அதுதான். பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்த உருளைக் குண்டு சுமார் 4,200 கிலோ எடை கொண்டது. அதை விமானத்திலேயே நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் பின்னோக்கிச் சுழலவிட்டு, நீர்மட்டத்திலிருந்து 18 மீட்டர் உயரத்தில் விடுவித்தார்கள். டார்பிடோக்களை (நீருக்குள் பாய்ந்து வரும் குண்டுகளை) தடுக்க அணைக்கு முன் கட்டியிருந்த வலைகளை அது தாண்டிப் போய்ச் சுவரில் மோதியதும், பின்சுழற்சி அதை விலகவிடாமல் சுவரை ஒட்டியே மூழ்கச் செய்தது. சுமார் 9 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தத்தால் இயங்கும் விசை அதை வெடிக்கவைத்தது. சூழ்ந்திருந்த நீரே வெடிப்பின் அதிர்வை முழு வலிமையோடு சுவருக்குக் கடத்தியது.

கேள்வி: இருட்டில் 18 மீட்டரை எப்படிக் கணித்தார்கள்?

பதில்: விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தினார்கள், அவற்றின் ஒளிவட்டங்கள் நீரின்மேல் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. அந்த வெளிச்சம் எதிரியின் பீரங்கிக்காரர்களுக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

கேள்வி: அந்த ஓர் இரவில் ஏற்பட்ட இழப்பு என்ன?

பதில்: 1943 மே 16 இரவு, 24 வயதான கை கிப்சன் தலைமையில் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் 133 பேர் கிளம்பினார்கள். 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் சிறைப்பட்டார்கள். மோனே, ஏடர் அணைகள் உடைந்தன. மண்ணணையான சோர்பே தாங்கிக்கொண்டது. வெள்ளத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியரே அல்லர். நேஹைம் முகாமில் அடைபட்டிருந்த சோவியத் பெண்கள் உட்பட, கட்டாய உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்ட வேற்று நாட்டவர்கள். வெற்றிக்கதைகளில் இவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

கேள்வி: அணைகளின் நீரை நம்பியிருந்த ஜெர்மனியின் தொழில் முடங்கியதா?

பதில்: சில காலம் தடுமாறியது. ஆனால் மோனே அணை செப்டம்பருக்குள் சீராகிவிட்டது. பழுதுபார்ப்பு நடந்தபோது அங்கே மீண்டும் குண்டு வீசாமல் விட்டது பெரிய பிழை என்பது என் கருத்து.

கேள்வி: அதன்பின் இப்படையினர் என்ன செய்தார்கள்?

பதில்: உண்மையான தேர்ச்சி அதன்பின்தான் வந்தது. 1943 செப்டம்பரில் ஜெர்மனியின் டார்ட்முண்ட்–எம்ஸ் கால்வாயைத் தாழப் பறந்து தாக்கப்போன 8 விமானங்களில் 5 அழிந்தன. கிப்சனுக்குப் பின் தலைமையேற்ற ஜார்ஜ் ஹோல்டனும் அதில் இறந்தார். அடுத்து லெனார்ட் செஷயர் தலைமையில், ஒருவர் தாழப் பறந்து இலக்கை ஒளிக்குண்டால் அடையாளமிட, மற்றவர்கள் உயரத்திலிருந்து குறிபார்த்து வீசும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். வாலிஸின் 5.4 டன் 'டால்பாய்' குண்டு 1944 ஜூனில் பிரான்சின் சோமூர் ரயில் சுரங்கத்தை அடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, 9ஆம் ஸ்குவாட்ரனோடு சேர்ந்து, அதே குண்டால் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைக் கவிழ்த்தார்கள். 1945 மார்ச் 14 அன்று ஜெர்மனியின் பீலஃபெல்ட் ரயில் மேம்பாலத்தின் அருகே விழுந்த 10 டன் குண்டு பாலத்தைத் தொடவே இல்லை. மண்ணுக்குள் புதைந்து வெடித்து, அடிநிலத்தைக் குலுக்கியே தூண்களைச் சாய்த்தது. மோனேயில் நீர் செய்த வேலையை இங்கே மண் செய்தது.