மாதாமாதம் ஸோலெட்ரானிக் ஊசி போடும் அம்மாவுக்குக் கீழ்த்தாடை வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் வலிக்கிறது?

புற்றுநோய் எலும்பில் பரவியதற்காகப் போடும் 4 மில்லிகிராம் ஊசி என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் தாடை எலும்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த ஊசியால் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகும் நோய் வரலாம். ஓபிஜி என்கிற முழுத்தாடை எக்ஸ்ரேயில் ஓர் இடம் கறுத்துத் தெரிய, அங்குள்ள தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் கரைந்திருக்க வேண்டும். வலி அதற்கு வெகு முன்பே வரலாம்.

அமெரிக்க வாய், முகத்தாடை அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 வகைப்பாட்டில் இந்த நோயின் இப்படிப்பட்ட கட்டத்துக்கென்றே 'நிலை 0' இருக்கிறது. எலும்பு வெளியே தெரியாது. ஆனால் காதுப்பக்கம் வரை இழுக்கிற மந்தமான வலி இருக்கலாம், ஈறு நோய் இல்லாமலே பல் ஆடலாம். நிலை 1 இதற்கு நேர் எதிர்: ஈறு விலகி எலும்பு தெரியும், வலி இருக்காது. செத்த எலும்பு வலிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உயிருள்ள திசுவில் கிருமி ஏறினால்தான் வலி. அது நிலை 2. ஆகவே வலியின் அளவை வைத்துச் சேதத்தையோ, படத்தை வைத்து வலியையோ கணக்கிட முடியாது.

அதே ஓபிஜியை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், இந்த முறை கறுப்பை அல்ல, வெள்ளையை. இந்த மருந்துகளால் முதலில் எலும்பு இறுகி வெளுப்பதுண்டு. பற்குழிச் சுவரின் வெள்ளைக்கோடு தடித்திருக்கிறதா, கீழ்த்தாடை நரம்புக் குழாயின் ஓரம் எடுப்பாகத் தெரிகிறதா, பல் பிடுங்கி ஆறு மாதமாகியும் குழி அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி தொடங்குமுன் எடுத்த பழைய படம் பக்கத்தில் இருந்தால் பாதி சந்தேகம் தீரும்.

அடுத்தது சிபிசிடி, அதாவது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே. நாக்குப் பக்கச் சுவரில் உள்ள அரிப்பும் பிரிந்து நிற்கும் எலும்புத் துண்டும் ஓபிஜியில் மறைந்துவிடும், இதில் தெரியும். எலும்பு மஜ்ஜையின் ஆரம்ப மாற்றத்தைக் காட்டுவது எம்ஆர்ஐ. எலும்பு ஸ்கேன் (bone scan) சீக்கிரமே ஒளிரும், ஆனால் சாதாரணப் பல் சீழுக்கும் ஒளிரும். அதை மட்டும் நம்பிப் பயனில்லை.

அதிகம் தவறு நடப்பது பல் நாற்காலியில்தான். வலிக்கிற பல்லைப் பிடுங்கினால் சரியாகும் என்று பிடுங்குவார்கள். குழி ஆறாது, அங்கேயே எலும்பு வெளிப்படும். முதலில் குளிர்ச்சி வைத்துப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பல்தான் காரணம் என்றால், காப்பாற்ற முடிகிறவரை ரூட் கெனால் நல்லது. காப்பாற்றவே முடியாத சீழ்ப்பல்லை அப்படியே விடுவதும் ஆபத்துதான். அதை வாய் அறுவை நிபுணர் பார்த்து முடிவு செய்யட்டும்.

மருந்தின் பெயர், அளவு, எத்தனை ஊசி, கடைசித் தேதி, ஸ்டீராய்டு உண்டா என்று எழுதி எடுத்துப் போங்கள். ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம், போட்டது எலும்பில் வருடக்கணக்கில் தங்கும். வெளியே தெரியும் எலும்போ, கருவி விட்டால் எலும்பில் தட்டும் சீழ்த்துளையோ 8 வாரம் தாண்டி நின்றால்தான் நோய் உறுதி என்பது விதி. அதற்காகச் சிகிச்சையை 8 வாரம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கீழுதடோ மோவாயோ மரத்துப்போனால் புற்றுநோய் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். தாடைக்குப் பரவிய புற்றும் இப்படித்தான் காட்டும், அதற்கு வைத்தியமே வேறு.