மலையில் ஓடும் காரின் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் நாமே பொருத்தலாமா?

குன்னூரில் இருக்கிறேன், 2018 மாடல் ஸ்விஃப்ட், கம்பெனி ஸ்டீரியோ. டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் 12 இன்ச் சப்வூஃபரும் வைக்க ஆசை. கோவைக்குப் போய்க் கடையில் கொடுப்பதா, நானே செய்யலாமா, மலைக்கென்று தனியாகக் கவனிக்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நீங்களே செய்யலாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு கிரிம்பிங் டூல், சாதாரண ஸ்பேனர் செட், ஒரு முழு நாள் வேண்டும். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். என் காருக்கு நானே செய்தேன், அப்புறம் சொந்தக்காரர்கள் சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். மலைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. கீழே சமவெளியில் எத்தனை வாட்ஸ், எத்தனை இன்ச் என்பதுதான் பேச்சு. இங்கே ஈரத்துக்கும் வளைவுக்கும் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வயர், ஃப்யூஸ், பெட்டியைப் பிடித்து நிறுத்தும் சாமான் இவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மீதியில் எந்த ஸ்பீக்கர் வருகிறதோ அது போதும்.

சப்வூஃபர் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பது அதைப் பொறுத்தது. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். கதவில் இருக்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்போதே மெலிந்துவிடும். அந்தத் தாழ்ந்த ஒலியைத் தருவதுதான் சப்வூஃபரின் வேலை. இளையராஜா பாட்டுகளில் குரலுக்கு அடியில் பேஸ் கிட்டார் தன் போக்கில் இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அதன் கீழ்ப் பாதி நம் கார்களில் கேட்பதே இல்லை. அதை உள்ளே உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மூடிய பெட்டியில் 10 இன்ச் சப்வூஃபரும், 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி) கொடுக்கும் டி கிளாஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) மோனோ ஆம்ப்ளிஃபயரும் போதும். அட்டையில் போட்டிருக்கும் 1500, 2000 வாட்ஸ் எல்லாம் உச்சக் கணக்கு. ஆர்எம்எஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். 12 இன்ச்தான் வேண்டும் என்றால் உங்கள் ஸ்விஃப்ட்டின் 268 லிட்டர் டிக்கியில் இடம் கிடைக்கும், ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கி மளிகை வாங்கி ஏறும் நாளில் அந்த இடத்துக்கு ஏங்குவீர்கள். ஆல்டோ மாதிரிச் சின்ன வண்டி வைத்திருப்பவர்களுக்கு சீட்டுக்கு அடியில் போகும் ஆக்டிவ் சப்வூஃபரைத்தான் சொல்வேன்; ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும்.

இனி வயர். 300 வாட்ஸ் என்றால் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து உச்சத்தில் 28 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர். 8 கேஜ் முழுச் செம்பு வயரில் இந்தத் தூரத்துக்கு கால் வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இழப்பு, அது பரவாயில்லை. 500 வாட்ஸ் பக்கம் போனால் 4 கேஜ் போடுங்கள்; கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன். விலை குறைவாகக் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர்தான் இருக்கும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கீழே ஓடும் வண்டியில் அதைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுச் சமாளிக்கலாம். நம் ஊரில் மாதக்கணக்கில் ஈரம். வெட்டிய முனையில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, இணைப்பு சூடாக ஆரம்பிக்கும். வேண்டாம்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஏற்கனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். முன்னால் இருக்கும் ஃப்யூஸ் வயருக்காக. குண்டும் குழியுமான எஸ்டேட் ரோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க, இன்ஜின் பக்கத் தகரத்தில் வயர் உரசி உறை கிழிந்தால், ஃப்யூஸ் இல்லாத வயரில் பேட்டரியின் மொத்த மின்சாரமும் பாயும், தீப்பிடிக்கும். தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) வழியாகத்தான் போக வேண்டும். கம்பெனி வயர் கற்றை போகும் குரோமெட்டிலேயே இடம் இருக்கும். கிளட்ச் பெடல், ஸ்டீயரிங் தண்டு பக்கம் போகக் கூடாது. மஞ்சள் கப்ளர் உள்ள வயர்கள் ஏர்பேக்குடையவை, தொடவே வேண்டாம். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், ஃப்யூஸைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். பவர் வயர் ஒரு பக்க வாசற்படி ஓரமாகப் போனால் ஆர்சிஏ வயர் (ஸ்டீரியோவிலிருந்து பாட்டின் சிக்னலைக் கொண்டுவருவது) மறுபக்கமாகப் போகட்டும். வண்டிக்கு அடியில் மட்டும் கொண்டு போகாதீர்கள், கல் அடிக்கும்.

கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ வெளியீடு இருக்காது. ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரின் சிக்னலை நேராக ஏற்கும் வசதி) உள்ள ஆம்ப்ளிஃபயராக வாங்கினால் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சிக்னல் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதியும் அதில் இருந்தால் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் வயரை இழுக்கும் வேலை மிச்சம். வாரண்டியில் இருக்கும் வண்டியில் எந்த வயரையும் வெட்டாமல் கப்ளர் ஹார்னஸ் வாங்கிச் செருகுவதே நல்லது.

கிரவுண்டைப் பற்றித்தான், அதாவது ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவ் வயரை வண்டியின் பாடியில் இணைப்பதைப் பற்றித்தான், நிறையச் சொல்ல வேண்டும், மலையில் முதலில் கெட்டுப்போவது அதுதான். என் மச்சான் காரில் ஒரு கடையில் பொருத்திக் கொடுத்தார்கள். வாங்கி வந்த புதிதில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழை முடிந்ததும், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும், விட்டால் இறங்கும் ஒரு ரீங்காரம் ஸ்பீக்கரில் வர ஆரம்பித்தது. ஆர்சிஏ வயரை மாற்றினார், ஸ்டீரியோவைக்கூடச் சந்தேகப்பட்டார். பாட்டை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது, 0.2க்குள் இருக்க வேண்டியது. டிக்கி மேட்டைத் தூக்கினால், பெயின்ட்டின் மேலேயே ஒரு ஸ்குரூவை முடுக்கியிருக்கிறார்கள், அதைச் சுற்றித் துரு. இவ்வளவுதான் கோளாறு. பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்து, ரிங் டெர்மினலுக்கு அடியில் ஸ்டார் வாஷர் வைத்து, போல்ட்டும் நட்டுமாக முடுக்கி, அதன் மேல் கெட்டியாக கிரீஸ் பூசினோம். ரீங்காரம் நின்றுவிட்டது.

கிரவுண்ட் வயர் பவர் வயரின் அதே தடிமன், அரை மீட்டருக்குள். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டாதீர்கள். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, அங்கே துளை போடும் எண்ணமே வேண்டாம். டிக்கியிலும் அடியில் குனிந்து என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் புதிய வண்டிகளில் பேட்டரி நெகட்டிவில் கரண்ட் சென்சார் இருக்கும். அவற்றில் கிரவுண்டைப் பேட்டரி முனையிலேயே நேராக மாட்டினால் சென்சாரின் கணக்கு தப்பும், பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

பெட்டிக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்தது) நல்ல பலகைதான், சத்தம் திடமாக வரும். ஆனால் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் அடைமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி கார்த்திகையில். கொடைக்கானல்காரர்களுக்கும் அந்த மாதங்கள்தான். டிக்கிக் கதவின் பீடிங் (ஓரத்து ரப்பர்) கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் தேங்கும். 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். எம்டிஎஃப் பெட்டி ரெடிமேடாக வாங்கினால், ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளேயும் அடியிலும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் பின் சீட்டின் முதுகில் உயரத்தில் பொருத்த வேண்டும்.

பெட்டியைக் கட்டி நிறுத்துவதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்த்து 20 கிலோ என்று வையுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்தப் பெட்டி பின் சீட்டை ஏறத்தாழ 400 கிலோ விசையோடு தள்ளும். பின் சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். மோதல் இல்லாவிட்டாலும், கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசியில் சும்மா வைத்த பெட்டி பக்கத்துக்குப் பக்கம் இடித்துக்கொண்டே வரும், ஸ்பீக்கர் வயர் பிடுங்கிக்கொள்ளும். வெல்க்ரோ போதாது. எல் வடிவ இரும்புப் பட்டையும் போல்ட்டும் வேண்டும்.

அதே சமயம் கையால் கழற்ற வர வேண்டும். எங்கள் சித்தப்பா வண்டியில் பெட்டியை ஸ்டெப்னி மூடியின் மேலேயே நிரந்தரமாக முடுக்கியிருந்தார்கள். இரவில் பர்லியார் தாண்டி டயர் பஞ்சர். மழை, மூடுபனி, வளைவு ஓரம், மொபைல் வெளிச்சத்தில் ஸ்குரூ டிரைவர் தேடி ஸ்டெப்னியை எடுப்பதற்குள் பின்னால் வந்த வண்டிகளைப் பார்த்துப் பயந்துபோனோம். விங் நட் போட்டு, ஸ்பீக்கர் வயருக்கு இடையில் ஒரு கப்ளர் வைத்துவிட்டால் பெட்டி ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

பேட்டரி விஷயம் சுருக்கமாக. உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் ஊட்டியில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும்போது பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும், இன்ஜினைச் சுற்றவோ கூடுதல் பலம் வேண்டும். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். வியூ பாயின்ட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு மாலை முழுக்கப் பாட்டு கேட்பதைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் செட்டிங். லோ பாஸ் (அதற்கு மேலான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் பூஜ்ஜியம். கெயின் திருகு ஒலியைக் கூட்டும் பொத்தான் என்று நினைத்து முழுதாகத் திருப்பிவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி, ஒலி அலையின் முனைகள் நறுக்கப்பட்டு, சப்வூஃபரின் செம்புச் சுருள் (காயில்) கருகும். மீட்டரை வைத்தே சரியாகச் செய்யலாம். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டில் ஏசி வோல்ட் பாருங்கள். வாட்ஸை சப்வூஃபரின் ஓமால் (மின்தடை) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6. 2 ஓம் என்றால் 24.5. அந்த எண் வரும்வரை திருப்பி நிறுத்துங்கள். 4 ஓம் சுருள் இரண்டு உள்ள (4+4) சப்வூஃபராக இருந்தால் பேரலலில் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். உங்கள் ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் தாங்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறி வரும் பஸ்ஸின் ஹாரன் நம் காதில் விழ வேண்டும், அங்கே ஒலியைக் குறைத்துவிடுங்கள். முதுமலை வழியாகப் போகும்போது பாட்டே வேண்டாம், யானை ரோட்டோரம் நிற்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. நம் பள்ளத்தாக்கில் தாழ்ந்த ஒலி எதிர்ச் சரிவில் இருக்கும் ஹட்டி (படுகர் ஊர்) வரை போகும், அங்கே தூங்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கிரவுண்ட் போல்ட்டை ஒருமுறை கழற்றிப் பார்த்துத் துடைத்து கிரீஸ் பூசுங்கள், ஃப்யூஸ் பெட்டிக்குள் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியின் விங் நட்டுகளை இறுக்குங்கள். ஸ்டெப்னி குழியில் தண்ணீர் இருந்தால் முதலில் பீடிங்கை மாற்றுங்கள்.