ஞானஸ்நானத்துக்கு முன்னால்

வணக்கம் சகோதரி. ஞானஸ்நானம் எடுத்தால் பொட்டை அழிக்கணுமா, அம்மா தரும் பிரசாதத்தை மறுக்கணுமா, எஸ்.சி. சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள்.

சான்றிதழை முதலில் சொல்லிவிடுகிறேன், சபையில் பலர் இதை வாய்திறந்து சொல்வதில்லை. எஸ்.சி. பட்டியலை வகுத்த 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே எஸ்.சி. தகுதி தருகின்றன. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்கு மாறுவீர்கள். ஞானஸ்நானம் பெற்றபின் இந்து என்று எஸ்.சி. சான்றிதழ் கேட்ட ஒருவரின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2024-இல் தள்ளுபடி செய்தது. படிப்பும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால் அவசரப்படாதீர்கள்.

பொட்டு சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கப் பெண்கள் பலர் வைக்கிறார்கள்; பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பூ, நகைகூடக் கூடாது.

பிரசாதத்துக்கு, சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பேசும் முதலாம் கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். நான் ஞானஸ்நானம் எடுத்த வருடம் சரஸ்வதி பூஜையன்று அம்மா சுண்டல் கிண்ணத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது, இன்றும் மனசை அறுக்கிறது. அப்புறம் அம்மாவே ஒரு வழி கண்டார்: படைப்பதற்கு முன்பே எனக்கென்று இரண்டு கரண்டி தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார்.