கண்ணை மூடினால் ஏன் தள்ளாடுகிறது?

கேள்வி: எனக்கு வயது 57. பதினோரு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சுத்த சைவம். ஆறேழு மாதமாக, முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு முன்னால் சாய்கிறது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ராத்திரி கரண்ட் போனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. தரை பஞ்சு மாதிரி இருக்கிறது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்துவிட்டேன். ஜாக்கெட் ஹூக்கைக்கூடக் குனிந்து பார்த்துத்தான் மாட்டுகிறேன். மற்றபடி உட்கார்ந்தாலும் படுத்தாலும் ஒரு தொந்தரவும் இல்லை. காதுக் கோளாறு என்று தலைச்சுற்றல் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. மூளை ஸ்கேன் நார்மல். பக்கவாதம் வருகிறதோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: அம்மா, முதலில் பயத்தைப் பார்த்துவிடலாம். பக்கவாதம் என்றால் பெரும்பாலும் திடீரென்று வரும். ஒரு பக்கத்துக் கைகாலில் பலம் போகும். உங்களுக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. காதிலுள்ள சமநிலை உறுப்பில் கோளாறு என்றால் பலருக்குப் படுக்கையில் புரண்டாலே அறை சுற்றும், குமட்டும். அதுவும் இல்லை. நின்றால், நடந்தால், அதிலும் கண் உதவி இல்லாதபோது மட்டும்தான் தடுமாற்றம். உங்கள் காலுக்குப் பலம் இருக்கிறது. ஆனால் பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நடப்பதற்கு மூளை உத்தரவு போட்டால் போதும், கால் நடந்துவிடும் என்று நினைக்கிறோம். அது பாதிக் கதைதான். சும்மா நிற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் உடம்பு முன்பக்கம் சாயப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசை இழுத்துப் பிடிக்கிறது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைச் சொல்வது, தசைக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய உணர்விகள். தசை இம்மியளவு நீண்டாலும் அவை தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பும். உள்ளங்கால் தோலும், எடை குதிகாலில் இருக்கிறதா விரல்களில் இருக்கிறதா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தத் தகவல்களைச் சுமக்கும் தடித்த நரம்புகளில் செய்தி நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வலியைச் சுமக்கும் மிக மெல்லிய நரம்புகளில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான். கட்டில் காலில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, அந்த ஆழமான வலி கொஞ்சம் பிந்தி வருவது இதனால்தான்.

மூளை ஓர் அசைவுக்கு உத்தரவு போடும்போது, அதன் நகல் ஒன்று பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கும் போகிறது. கால் உண்மையில் எங்கே போனது என்ற செய்தி தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் அங்கே வந்து சேர்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை அடுத்த கணமே திருத்துவது சிறுமூளையின் வேலை. அளவில் சிறியதுதான், ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கின்றன. வந்து சேரும் செய்தி அரைகுறை என்றால் அதுவும் என்ன செய்யும்?

நிற்பதற்கு மூளைக்கு மூன்று வழிகளில் செய்தி வருகிறது: கண், உள்காது, தசையும் மூட்டும் தோலும் தரும் இட உணர்வு. மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் சமாளித்துவிடலாம். உங்களுக்கு மூன்றாவது பழுதாகியிருக்கிறது. இத்தனை நாள் கண்தான் ஈடுகட்டி வந்திருக்கிறது. சோப்புப் போடும்போது அதையும் மூடிவிடுகிறீர்கள். பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே, தண்டுவட நோயாளிகள் கண்ணை மூடினால் தள்ளாடுவதையும் இருட்டில் நடக்கத் திணறுவதையும் எழுதி வைத்தார். பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்கு நின்று பார்க்க இடமும், பக்கத்தில் தாங்கிக்கொள்ள ஓர் ஆளும் போதும். மூளை ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன்னால் இதைச் செய்து, தட்டினால் அதிரும் ட்யூனிங் ஃபோர்க் என்ற உலோகக் கவையை உங்கள் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அது நடக்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஹூக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முக்கியமான துப்பு. ஹூக் மாட்டும்போது யாரும் பார்ப்பதில்லை. விரல் நுனி கம்பியைத் தேடி, வளைவைத் தொட்டு, எவ்வளவு அழுத்தினால் உள்ளே போகும் என்று தானே கணக்குப் போடும். உங்கள் விரல்களுக்கு அந்தக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு வழக்கமாகப் பாதத்தில் தொடங்கி, முழங்கால் பக்கம் ஏறிய பிறகுதான் கைவிரலுக்கு வரும். கையும் காலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் என்றால் வைட்டமின் பி12 குறைவை, அது தண்டுவடத்தைத் தொட்டிருப்பதை, நான் முதலில் சந்தேகிப்பேன். சைவ உணவில் பாலும் தயிரும்தான் பி12 தரும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் உள்ள பி12-ஐயும் குடல் சரியாக உறிஞ்சாமல் போகலாம். அது குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை கெடும். தண்டுவடத்தின் பின்பக்கமாக ஏறும் இட உணர்வுத் தடம் முதலில் அடிபடும்.

இந்த உணர்வு இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் என்பவரை மருத்துவ உலகம் நன்றாக அறியும். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுஉணர்வும் இட உணர்வும் அவருக்குப் போய்விட்டன. தசை பலம் அப்படியே இருந்தும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனதால் யோசித்துச் செய்யப் பழகி, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு நடந்தார். விளக்கு அணைந்தால் மட்டும் விழுந்துவிடுவார். அவருக்குப் போன நரம்பு திரும்பவில்லை. உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை, நான் நினைப்பது சரியாக இருந்தால் பெருமளவு திரும்பக்கூடியதும்கூட.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் பி12, முழு ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு பார்க்கச் சொல்வார். பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் இன்னொரு சோதனை தேவைப்படும். கழுத்துத் தண்டுவட எம்ஆர்ஐயும் நரம்புக் கடத்தல் சோதனையும் தேவைப்படலாம்; கழுத்தெலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தினாலும் கையும் காலும் சேர்ந்து இப்படி ஆகும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் பி12 மாத்திரையோ ஊசியோ வேண்டாம், அளவு தப்பாகக் காட்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு பாட்டுக்கு மோசமாகிக்கொண்டே போகும். மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 குறைவு உறுதியானால் ஊசி ஆரம்பிப்பார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் தெரியும். தாமதித்தால் கொஞ்சம் குறை தங்கிவிடும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அதுவரை முகத்தை உட்கார்ந்து கழுவுங்கள். நிற்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கை சுவரில் இருக்கட்டும். சாய வேண்டியதில்லை, விரல் நுனி லேசாகத் தொட்டாலே உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குத் தெரிந்து ஆட்டம் குறையும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, தலையணைப் பக்கம் ஒரு டார்ச். மெத்தென்ற தடித்த செருப்பு வேண்டாம். அடி மெல்லியதாக, பின்பட்டி உள்ளதாக வாங்குங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், புண் வந்தாலும் தெரியாமல் போகலாம். மருத்துவர் சரி என்றதும், சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு காலை முன்னால் ஒரு காலைப் பின்னால் வைத்து நிற்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

தடுமாற்றம் திடீரென்று கூடினாலோ, காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, வாய் கோணிப் பேச்சு குளறினாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.