தண்டனை பெற்றதை வேலை விண்ணப்பத்தில் மறைக்கலாமா?

கேள்வி: வழிப்பறி வழக்கில் (இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 392) 2018-இல் மூன்றாண்டு தண்டனை பெற்று, 2021-இல் விடுதலையானேன். பிளஸ் டூ தேர்வு எழுதிய கையோடு, கூடாத சகவாசத்தால் நடந்த குற்றம் அது. சிறையில் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டேன். இப்போது ஒரு தனியார் நிறுவனம் வேலைக்கு அழைக்கிறது. விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்று இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதச் சொல்கிறார் நண்பர். எழுதலாமா? பாஸ்போர்ட் கிடைக்குமா?

பதில்: எழுதாதீர்கள். அவ்தார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு நல்ல வழிகாட்டி. படிவத்தில் வழக்கு விவரத்தை மறைப்பது பற்றிய, அரசுப் பணி தொடர்பான வழக்குதான் அது. ஆனால் தனியார் வேலைக்கும் அதே எச்சரிக்கை தேவை. உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொய் சொல்லிச் சேர்ந்தால், பத்தாண்டு உழைத்த பிறகும் அந்தப் பொய்யே வேலைநீக்கத்துக்குக் காரணமாகலாம். அதே தீர்ப்பு, படிவத்தில் குறிப்பாகக் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னால் போதும் என்கிறது. ‘நிலுவையில் வழக்கு உண்டா?’ என்று மட்டும் கேட்டால், முடிந்துபோன வழக்கை நீங்களாகக் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் படிவமோ தண்டனையையே கேட்கிறது. ‘ஆம்’ என்று எழுதி, தீர்ப்பின் நகலையும் சிறையில் பெற்ற பயிற்சிச் சான்றிதழையும் இணையுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார வைத்தது. பிளஸ் டூ தேர்வு எழுதிய கையோடு என்றால், அன்று உங்களுக்கு 18 நிறைந்திருந்ததா? கைதான நாளோ தீர்ப்பு வந்த நாளோ கணக்கில்லை. குற்றம் நடந்த நாள்தான் கணக்கு. காவல் ஆவணத்தில் ‘வயது சுமார் 19’ என்று யாரோ எழுதிவிட, கடைசிவரை எவரும் பள்ளிச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்காத வழக்குகள் உண்டு. சிறார் நீதிச் சட்டம், 2015, பிரிவு 9-இன்படி, ‘குற்றம் நடந்த அன்று எனக்கு 18 நிறையவில்லை’ என்ற கோரிக்கையை வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிக்கு முதலிடம்; அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ்; இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஒருநாள் குறைந்திருந்தாலும் நீங்கள் சிறார்தான். பிரிவு 392-இல் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால், பதினாறு வயது கடந்தவரை வயது வந்தவராக விசாரிக்கும் விதிவிலக்கும் இதற்குப் பொருந்தாது. நிரூபணமானால் விதித்த தண்டனை செல்லாததாகக் கருதப்படும். சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 24-இன்படி அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது. அப்படியொரு உத்தரவு கைக்கு வரும்வரை படிவத்தில் ‘ஆம்’ என்றே இருக்கட்டும்.

18 நிறைந்திருந்தால், தண்டனைப் பதிவையே அழித்துத் தரும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. சிலர் பணம் வாங்கிக்கொண்டு ‘அழித்துத் தருகிறேன்’ என்பார்கள், நம்பாதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் பயம் வேண்டாம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றிருந்தால், தண்டனைத் தீர்ப்புக்குப் பிந்தைய ஐந்தாண்டு வரை மறுக்கலாம். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் முதல் தகவல் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால், வருமான வரம்புக்கு உட்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கும். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.